இணைப்பில் இருந்தவள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘ஐஸ் அக்கா’ என்று பெயர். யாருக்கும் ஐஸ் வைக்கிற ரகமில்லை அவள். மேலதிகாரியே வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டாள். காதில் மாட்டிய ஹெட்போனை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவாள், அதோடு சரி. பெயர் வந்த காரணம் வேறு. எதிர்முனையில் எவ்வளவு பெரிய களேபரம் நடந்தாலும் அவள் குரல் சூடேறாது. அலறுகிறவர்கள், கண்டபடி திட்டுகிறவர்கள், சொந்த முகவரியே மறந்துபோய் அழுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டதும் மெல்ல வழிக்கு வந்துவிடுவார்கள்.

“சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன். எந்தத் தெரு? பக்கத்துல என்ன கடை இருக்கு?”

இதைத்தான் நாள் முழுக்கச் சொல்வாள். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்பதால் அறையில் இருந்தவர்களுக்குக் கேலிக்குப் பஞ்சமில்லை. “அந்த மனுஷனுக்கு வேலையிலயும் ஐஸ், வீட்லயும் ஐஸ்” என்பார்கள். அவளும் வாயோரமாகச் சிரித்துக்கொள்வாள்.

கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது அந்த அறை. ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு திரைகள். ஒன்றில் அழைப்பவர் விவரம், இன்னொன்றில் ஊரின் வரைபடம், அதில் ஊர்ந்து போகும் புள்ளிகளாக வண்டிகள். மேஜைக்கடியில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பழக்கம்.

அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது. வண்டி வாசலில் வந்து நின்று, ஆட்கள் உள்ளே நுழைந்ததும் இணைப்பு அறுந்துவிடும். விழுந்தவர் எழுந்தாரா, பிறந்த குழந்தை அழுததா, ஒன்றும் தெரியாது. அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். அவள் தடுப்பாள்.

“நம்ம வேலை வாசல் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா தாங்காது.”

பல வருஷம் அப்படித்தான் இருந்தாள். தாங்கவும் செய்தாள்.

அந்த அழைப்பு ஒரு மத்தியானத்தில் வந்தது. வயதான ஆள். குரலில் பதற்றம்கூட இல்லை, ஏதோ குழப்பம்தான் இருந்தது.

“என் வீட்டுக்காரி பேச மாட்டேங்குறாம்மா. சோபால உக்காந்திருந்தா. அப்படியே சாஞ்சிட்டா.”

“மூச்சு இருக்குதாங்கய்யா? நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க.”

“தெரியலையேம்மா.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவியை மெதுவாகத் தரையில் படுக்க வைக்கச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். நெஞ்சின் நடுவில் எங்கே கை வைப்பது, முழங்கையை மடக்காமல் எப்படி அமுக்குவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவர் சொன்ன பேச்சு கேட்டார். அவள் எண்ணினாள். அந்த எண்ணிக்கைக்குத் தகுந்தபடிதான் அமுக்க வேண்டும்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நல்லா பண்றீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

திரையில் வண்டியின் புள்ளி பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. பாலத்தின் மேல் லாரி கவிழ்ந்து கிடந்தது. இன்னொரு வண்டி சுற்று வழியில் கிளம்பியது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கிழவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

“எனக்கு வயசாச்சும்மா.”

“தெரியுதுங்கய்யா. வண்டி வந்துக்கிட்டே இருக்கு. நிறுத்தாதீங்க.”

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்புறம் அவர் நிறுத்திவிட்டார்.

“போதும்மா” என்றார். “அவ நெஞ்சு நோகும். நான் அவளப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துக்குறேன்.”

“அய்யா, நிறுத்தக் கூடாது. கைய வைங்க. நான் எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

அவர் மனைவியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தது லேசாகக் கேட்டது. அதன் மேலேயே அவள் எண்ணிக்கொண்டு போனாள். விதி அப்படி. ஆட்கள் வந்து சேரும்வரை விடக் கூடாது. கடைசியில் கதவு தட்டும் சத்தம், யாரோ ஓடிவரும் சத்தம், இணைப்பு அறுந்தது.

அவள் எதையும் தவறாகச் செய்யவில்லை. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று, “சரியா பண்ணீங்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்து, மாடிப்படியில் கால் பிசகிய ஒரு அம்மாள் கூப்பிட்டாள். அதையும் அவள் சரியாகவே செய்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், “ரொட்டி வாங்கிட்டு வரலையா?” என்று கணவனிடம் கேட்டாள். அன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நடந்ததெல்லாம் பிறகுதான். படி ஏறும்போது எண்ணினாள். ரொட்டியை நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது எண்ணினாள். நாலுக்கு மேல் போகாது; திரும்பவும் ஒன்று. வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கிழவரின் குரல் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. அவளுடைய குரல்தான் செய்தது. பிடித்துக்கொண்டு உட்காருகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகும் ஓயாமல் எண்ணிய அந்தக் குரல்.

ஒருநாள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம் குடையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மகள் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா எல்லாத்தையும் இப்படிக் கட்டளை போடுற மாதிரியே சொல்றீங்க?”

மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவளோ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் வேலையில் குரல் நின்றுபோனது. ஏதோ பட்டறையிலிருந்து அழைப்பு; கூட வேலை செய்கிறவன் விழுந்துவிட்டான், மூச்சில்லை என்று ஒருவன் பதறினான். எல்லாம் கேட்டாள், வண்டியும் அனுப்பினாள். எண்ண வேண்டிய இடம் வந்தது. “ஒண்ணு” என்றாள். இரண்டு வரவில்லை. வாய் திறந்திருந்தது, தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல இருந்தது. பக்கத்து இருக்கைக்காரி, பல வருஷத் தோழி, ஒரு பார்வையில் புரிந்துகொண்டு அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் போன் மணி அடித்தாலே எரிந்து விழுந்தாள். கணவன் நல்லவன்தான். ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் மனைவியின் கோளாறு அவனுக்குப் பிடிபடவில்லை.

“விடு. எத்தனை பேரக் காப்பாத்திருக்க. இந்த ஒண்ணையே பிடிச்சிக்கிட்டுத் தொங்குறியே.”

ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் அதன்பின் அவனிடம் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

அலுவலக மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். கூடவே, நூலக மாடியில் வாராவாரம் நடக்கிற மனக்கவனப் பட்டறைக்கும் போகச் சொன்னார். மன அழுத்தத்தில் இருப்பவர்கள், வாழ்க்கையில் அடிபட்டவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற பயிற்சி. அலுவலகத்தில் அதற்கு ‘மூச்சு கிளாஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“மூச்சு விட நான் கத்துக்கணுமா?” என்றாள் அவள். “ஊருக்கே அதைச் சொல்லிக் குடுக்குறவ நான்.”

“போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க” என்றார் மருத்துவர்.

நூலக மாடி அறையில் பழைய கம்பளத்தின் வாடை. வட்டமாக நாற்காலிகள். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் காகிதம் துப்பும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். வகுப்பு நடத்தியவள் முன்பு பிசியோதெரபி சிகிச்சை கொடுத்தவள். எல்லோரும் ‘பிசியோ மேடம்’ என்றே கூப்பிட்டார்கள். பெரிய ஞானி மாதிரி இருப்பாள் என்று எதிர்பார்த்துப் போனால், ஜலதோஷத்தோடு கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஐஸ் அக்காவுக்கு அதனால் ஓரளவு நிம்மதி.

முதல் நாள் படுத்துக்கொண்டு, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கச் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த பேக்கரிக்காரர் முழங்காலுக்கு வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார். நோய் தீர்ந்தும் பயம் தீராத ஒரு கணக்கு டீச்சர் சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல் குலுங்கினாள். அறையே சிரித்தது. ஐஸ் அக்கா சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, எப்போது முடியும் என்று கிடந்தாள்.

அடுத்த வாரம் மூச்சை எண்ணும் பயிற்சி.

“உள்ள இழுக்கும்போது நாலு வரைக்கும் எண்ணுங்க. விடும்போதும் நாலு. அவசரமில்ல” என்றாள் பிசியோ மேடம்.

ஒண்ணு. ரெண்டு. மூணுக்கு மேல் அவளால் இருக்க முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தத்தோடு எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாடிப்படியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வகுப்புக்கு வருகிற பஸ் டிரைவர். முதல் நாளே பாதியில் எழுந்து போனவர் அவர்.

“உங்களுக்கும் கண்ண மூட முடியலையா?” என்று கேட்டார்.

“எண்ண முடியல.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“எனக்குக் கண்ண மூடினா ரோடு தெரியுது” என்றார். “ஒரு பையன் சைக்கிள்ல வந்தான். என் மேல தப்பில்லன்னு எல்லாருமே சொல்லிட்டாங்க.”

“எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

“அதக் கேட்டா மனசு ஆறணும்ல? ஆறலையே.”

இருவரும் படியில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் உரிந்துகொண்டிருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் பிசியோ மேடம் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். ஏதாவது உபதேசம் வரும் என்று ஐஸ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உபதேசம் வரவில்லை.

“தப்பு என்னோடது. எது ஒத்துக்காதுன்னு முதல்லயே கேட்டிருக்கணும்” என்றாள் அவள். “எண்ணுறது வேண்டாம். கண்ண மூடுறதும் வேண்டாம். உங்க உடம்புல எந்த இடத்த கவனிச்சா பயமில்லாம இருக்கு?”

ஐஸ் அக்கா யோசித்துப் பார்த்தாள். நெஞ்சு இல்லை, தொண்டை இல்லை, வயிறும் இல்லை.

“பாதம்” என்றாள். “வெறுங்கால் தரையில பட்டா கொஞ்சம் நல்லா இருக்கும்.”

“அது போதும். அதுலேருந்து ஆரம்பிப்போம்.”

டிரைவர் தன் கைகளைச் சொன்னார். ஸ்டியரிங் பிடித்த கைகள் என்பதால் முதலில் தயங்கினார். பிறகு வேறு எதுவும் இல்லை என்று அதையே சொன்னார்.

அதன்பின் மற்றவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது, இவர்கள் இருவரும் கண்ணைத் திறந்தபடி, ஒருவர் பாதத்தையும் மற்றவர் உள்ளங்கையையும் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில் அவளுக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது. தரை குளிர்ச்சியாக இருந்தது, குதிகாலில் கம்பளம் குத்தியது, அவ்வளவுதான். ஆனாலும் போனாள். வீட்டில் தலைமாட்டில் போனைப் பார்த்துப் பயந்துகொண்டு கிடப்பதற்கு இது தேவலை.

போகப்போக ஒன்றைக் கண்டுகொண்டாள். எண்ணிக்கை திடீரென்று வருவதில்லை. முதலில் தோள் தூக்கிக்கொள்ளும். பிறகு தொண்டையில் ஓர் இறுக்கம். அதற்குப் பிறகுதான் ‘ஒண்ணு’. இவ்வளவு நாளும் அவள் அந்த ஒண்ணோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது தோள் தூக்கும்போதே தெரிந்தது. “விரட்ட வேண்டாம். வந்திருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும், காலுக்குத் திரும்பி வாங்க” என்று பிசியோ மேடம் சொல்லியிருந்தாள். சில சமயம் அது வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தானே போனது. சில சமயம் போகவில்லை. அப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு வாரம், இருவர் இருவராக உட்கார வைத்தார்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, நடுவில் எதையும் கேட்கவும் கூடாது. அவளுக்குப் பேக்கரிக்காரர் ஜோடி.

அவர் கடை எரிந்துபோயிருந்தது. அப்பா காலத்து அடுப்பு, மரப் பலகைகள், மாவு மூட்டைகள், எல்லாம்.

“கொஞ்ச நாளா நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு” என்று தொடங்கினார்.

“எப்போலேருந்து? இடது கை வலிக்குதா?” என்றாள் ஐஸ் அக்கா, தன்னை அறியாமல்.

பேக்கரிக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். “நான் ஆம்புலன்ஸ் கேக்கலையேம்மா” என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தொடர்ந்தார். யாருக்கும் உயிர் போகவில்லையே, அதுவே பெரிசு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது தனக்கும் தெரியும். ஆனால் காலையில் எழுந்தால் கைக்கு வேலை இல்லை. மாவு ஒட்டாத கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ என்று தோன்றுகிறது. பொண்டாட்டி தட்டில் சாப்பாடு போட்டு வைத்தால் அதையும் அந்த வேறு யாரோதான் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஐஸ் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அனுப்புவதற்கு வண்டி இல்லை, கேட்டுக் குறிக்க முகவரி இல்லை. செய்ய ஒன்றுமில்லாமல் ஒரு மனிதர் பேசுவதைக் கேட்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்து அவள் முறை. பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டாள். கிழவரைப் பற்றிச் சொன்னாள். பாலத்தைப் பற்றி, லாரியைப் பற்றி, நிற்காமல் எண்ணிய தன் குரலைப் பற்றிச் சொன்னாள். பேக்கரிக்காரர் உச்சுக்கொட்டவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. சொல்லி முடித்து நேரமும் முடிந்த பிறகு, அவர் தன் நெஞ்சை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, “அவ நெஞ்சு நோகும்னா சொன்னாரு?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமா.”

கணக்கு டீச்சர் வந்து இருவர் கையிலும் ஆளுக்கொரு டீக் கோப்பையைத் திணித்துவிட்டுப் போனாள்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்ய வேண்டும். அவள் பாத்திரம் கழுவுவதை எடுத்துக்கொண்டாள். தண்ணீரின் சூடு, நுரை, தட்டின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டு நின்றவளை, சமையலறை வாசலில் வந்து நின்ற கணவன் பார்த்தான்.

“குழாய மூடு, தண்ணி போகுது பாரு.”

“கவனமா கழுவிக்கிட்டிருக்கேன்.”

“பாத்திரம் கழுவக்கூட கிளாஸ் எடுக்குறாங்களா? அப்ப நான் பேராசிரியரு.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஐஸ் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். இருவரையும் உட்காரச் சொன்னாள்; சொல்லும்போதே குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். பேக்கரிக்காரரிடம் சொன்னதை அவர்களிடமும் சொன்னாள். நடுவில் கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மகள் அவன் கையைத் தொட்டாள். அவன் அடங்கிக் கேட்டான்.

கடைசியில், “அன்னிக்கு சாயங்காலம் வந்து ரொட்டி வாங்கலையான்னு கேட்ட” என்றான். “கடை மூடிட்டான்னு சொன்னேன். வேற ஒண்ணுமே நான் கவனிக்கல.”

“நான்தான் சொல்லலையே.”

“நான் கேட்டிருக்கலாம்.”

மகள் எழுந்துபோய் மீதிப் பாத்திரங்களைக் கழுவி வைத்தாள்.

இதற்குள் பஸ் டிரைவர் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார். கணக்கு டீச்சர் போன் செய்து பார்த்தாள். ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு, டிப்போவில் வண்டி கழுவுகிற பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாராம். “எனக்கு இதுதான் இப்போதைக்கு ஆகுது” என்றாராம். வகுப்பில் அவர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. வட்டத்தில் அது பாட்டுக்கு இருந்தது. எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று பிசியோ மேடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. “அவர நினைச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காருவோம்” என்றாள். உட்கார்ந்தார்கள்.

பட்டறை முடிகிற சமயத்தில் ஐஸ் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த அழைப்பின் பதிவைக் கேட்க வேண்டும். ஆலோசகரிடம் சொன்னாள், அவர் பல தடவை யோசிக்க வைத்து, கடைசியில் தனியாகக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். சூப்பர்வைசர்தான் முகம் சுளித்தார்.

“ஆறி வர்ற புண்ண எதுக்கு நோண்டணும்?”

“என் தலைக்குள்ள தினமும் ஓடுது சார். வெளிய ஒரு தடவ ஓடட்டும்.”

அவர் சாமான் அறையில் ஒரு மேஜையைக் காலி செய்து கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரி கூட வந்து உட்கார்ந்தாள். ஐஸ் அக்கா செருப்பைக் கழற்றினாள்.

பதிவில் வேறு ஏதாவது இருக்கும் என்று அவள் மனசின் ஒரு மூலை நம்பியிருந்தது. தான் ஒரு வார்த்தையாவது இதமாகச் சொல்லியிருப்போம், மறந்திருப்போம் என்று. அப்படி எதுவும் இல்லை. எல்லாம் அவள் நினைவில் இருந்தபடியேதான் இருந்தது. “போதும்மா” என்கிறார் அவர். நிறுத்தக் கூடாது என்கிறாள் இவள். எண்ணுகிறாள். எண்ணிக்கொண்டே போகிறாள். தோள் தூக்கியது. தொண்டை இறுகியது. அவள் காலுக்குத் திரும்பி வந்தாள். சிமெண்ட் தரை, குளிர், ஒரு சிறு கல் உறுத்தல். திரும்பவும் கேட்டாள். அந்தக் குரல் அவள் பயந்த அளவுக்குக் கொடூரமாக இல்லை. நல்ல குரலாகவும் இல்லை. யாரோ ஒருத்தி, கையில் இருந்த ஒரே கயிற்றைப் பிடித்து விடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அதற்கு அடியில் கிழவர் பேசிக்கொண்டிருந்தார். தணிந்த குரல், நிறுத்தி நிதானமாக. அன்று இவள் அதைச் சரியாகக் கேட்கவில்லை. இவள் எண்ணிக்கை அவர் பேச்சை எங்கேயும் அறுத்ததாகத் தெரியவில்லை. போன் எங்கோ தரையில் கிடந்திருக்க வேண்டும். அவர் அதை மறந்தேபோயிருக்கலாம்.

தோழி சத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினாள். “என்ன சொல்றாருன்னு கேப்போமா?”

“வேண்டாம்” என்றாள் ஐஸ் அக்கா. “அது நமக்கில்ல. அவங்க ரெண்டு பேருக்கும்தான்.”

பதிவு முடிந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து, குழாய் எதையும் திறந்துவிடாமல், நன்றாக அழுதாள். தோழி முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் கதவருகில் வந்து, பார்த்து, தானே போய்த் தோழியின் இருக்கைக்கு வந்த அழைப்புகளை அன்று மத்தியானம் முழுக்க எடுத்தார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். முதலில் பாதி நேரம்; அவசரமில்லாத அழைப்புகள். எண்ண வேண்டிய அழைப்பு வந்தபோது எண்ணினாள். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. சில வாரங்கள் நன்றாகப் போகும். திடீரென்று ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பழையபடி ஓட ஆரம்பிக்கும். அப்போது பழைய பயம் எட்டிப் பார்க்கும், ஆனால் உள்ளே வந்து குடியேறாது.

அவள் சொல்லித்தானோ என்னவோ, கட்டுப்பாட்டு அறைக்கே பிசியோ மேடத்தை வரவழைத்தார்கள். அதே சாமான் அறையில், வாரம் ஒரு தடவை. பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் தூங்கினார்கள். ஒருவன், “இங்க வேலைக்கு ஆளக் குறைச்சிட்டாங்களே, இதெல்லாம் பண்ணா அது சரியாயிடுமா?” என்று கேட்டான். “சரியாகாது” என்றாள் பிசியோ மேடம். “அதுக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து மேலிடத்துல கேக்கணும்.” கேட்டார்கள். ஆட்களைக் கூட்டிக் கொடுக்கவில்லை; ஆனால், மோசமான அழைப்பு முடிந்தால் உடனே அடுத்ததை எடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் வெளியே போய்வரலாம், கூட ஒருவரும் போகலாம் என்று ஒரு வழக்கம் வந்தது. ஐஸ் அக்கா வகுப்பில் எதுவும் சொல்லித் தருவதில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடுவாள். ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

ஒரு காலையில் ஒரு பெண்மணி கூப்பிட்டாள். கணவர் தூக்கத்திலேயே போயிருந்தார். உடம்பு சில்லிட்டு, விறைத்திருந்தது. அமுக்கச் சொல்வதற்கும் எண்ணுவதற்கும் அங்கே எதுவும் இல்லை. ஐஸ் அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டாள், வண்டியை அனுப்பினாள். மருத்துவர் வந்து பார்ப்பார் என்று சொன்னாள். பிறகு, “வீட்ல வேற யாராவது இருக்காங்களாம்மா?” என்றாள்.

“பையன் வெளியூர்ல இருக்கான்.”

“சரிம்மா. அவங்க வர்ற வரைக்கும் நான் லைன்ல இருக்கேன். பேசணும்னா பேசுங்க. வேண்டாம்னா சும்மா இருங்க.”

அந்தப் பெண்மணி பேசவில்லை. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. தூரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஏதோ வண்டி போனது. பிறகு ஒரு நீண்ட மூச்சு, அழுகைக்கு முந்தியது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தொண்டை இறுகியது. இறுகட்டும் என்று விட்டாள்.

“இருக்கீங்களா?” என்று அந்தப் பெண்மணி ஒரு தடவை கேட்டாள்.

“இருக்கேன்மா.”

கதவு தட்டினார்கள். இணைப்பு அறுந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தோழியும் தன்னுடையதைக் கழற்றிவிட்டு எழுந்தாள். இருவரும் வெளி வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கீழே முற்றத்தில், திரும்பி வந்த ஒரு வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, ஒருவர் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வேலையை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.